படுக்க ஓர் ஆள்

முதல் வகுப்பில் யாரும் படுக்க முன்வரவில்லை.

கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் சாலையில் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் சாப்பாட்டுக்கூடத்தைப் பயிற்சிக்குக் கொடுத்திருந்தார்கள். மேசைகளை மடக்கிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். சாம்பார் வாசனை இன்னும் போகவில்லை. கூடத்தின் நடுவில் ஸ்ட்ரெச்சர் கிடந்தது. ஆரஞ்சு நிறப் பலகை, கறுப்புப் பட்டைகள்.

இளஞ்செழியன் ஆம்புலன்ஸில் பல வருடம் வேலை பார்த்தவர். சாலையில் அடிபட்டவரை ஆம்புலன்ஸ் வரும்வரை எப்படிக் காப்பது என்று இப்போது தன்னார்வலர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். பயிற்சிக்கு ஒரு பொம்மை கேட்டிருந்தார். வரவில்லை.

“யாராச்சும் ஒருத்தர் வந்து படுங்க” என்றார்.

எல்லாரும் பலகையைப் பார்த்தார்கள். அதைத் தூக்க நாலு பேர் வேண்டும் என்று அவர் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார்.

“எனக்குப் பொண்ணு பாத்துக்கினு இருக்காங்க சார்” என்றான் அஜித். டூவீலர் மெக்கானிக். நகங்களில் கிரீஸ்.

“அதுக்கும் இதுக்கும் இன்னாடா சம்பந்தம்?”

“எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா சம்பந்தம் இருக்குது சார்.”

சிரித்தார்கள். பூமாலை சிரிக்கவில்லை. மணலூர்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்தவள். ஐம்பது வயதிருக்கும். “எம் பொண்ணு மாசமா இருக்கறா. தலப்பிரசவம். நான் போயி அதுல படுக்கறதா?” என்றாள். “கட்டி வேற வெப்பாராம்.”

“நீங்களே படுங்க சார்” என்றது ஒரு குரல்.

“நான் படுத்துட்டா யாரு சொல்லிக் குடுக்கறது?”

கடைசி வரிசையிலிருந்து உமர் பாரூக் எழுந்தார். “நான் படுக்கறேன்” என்றார்.

“பாய்க்குச் சகுனம்லாம் கெடையாது” என்றான் அஜித்.

சகுனம் பார்க்கக் கூடாது என்று பள்ளிவாசலில் சொல்ல உமர் கேட்டிருக்கிறார். ஆனால் பலகையைப் பார்த்ததும் அவருக்கு நினைவு வந்தது பள்ளிவாசலின் பின்கட்டில் சாத்தி வைத்திருக்கும் சந்தூக். இறந்தவரைத் தூக்கிப்போகும் பெட்டி. அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

“ஒண்ணே ஒண்ணு சார். மேக்க கால் நீட்டமாட்டேன். தொழற தெச.”

“அப்போ வடக்க தல வெச்சுப் படுங்க.”

“வடக்க யாராச்சும் தல வெப்பாங்களா?” என்றாள் பூமாலை.

“சரி, தெக்க.”

“தெக்க வெச்சா பொணம்.”

இளஞ்செழியன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பலகையைத் தானே இழுத்துத் திருப்பினார். மிச்சம் இருந்தது ஒரே திசை. மேற்கே தலை, கிழக்கே கால். தலை சமையற்கட்டுப் பக்கம், கால் கை கழுவும் தொட்டிப் பக்கம். பலகையைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டார்.

உமர் படுத்துக்கொண்டார். அன்று முதல் அவர் இடம் அதுதான்.

*

அவருக்கு வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கயிறும் தார்ப்பாயும் விற்கும் கடை வைத்திருந்தார். மனைவி அத்தியா இறந்த பிறகு கடையைத் தம்பி மகனிடம் கொடுத்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. காலையில் கடைக்குப் போய் ஸ்டூலில் உட்காருவார். வருகிறவர்கள் தம்பி மகனிடம் விலை கேட்பார்கள். மதியம் வீட்டுக்கு வந்துவிடுவார்.

போன மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பில் அடி. எழ முடியவில்லை. பக்கத்து வீட்டில் மிக்சி ஓடியது. நின்றதும் கூப்பிட்டார். மிக்சி மறுபடி ஓடியது. பிறகு டிவி சத்தம். கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிடவே கூச்சமாகிவிட்டது. வாளியின் அடிப்புறத்தைப் பார்த்தபடி கிடந்தார். பொழுது சாய்ந்து பால்காரர் வந்து கதவைத் தட்டினார். திரும்பத் தட்டினார். பிறகு உள்ளே வந்தார்.

எலும்பு முறியவில்லை. பால்காரர் அவரைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து, “யாருக்கு பாய் போன் போடறது?” என்று கேட்டார். உமர் யோசித்தார். பால்காரர் கையில் போனோடு காத்திருந்தார். தம்பி மகன் கடையைச் சாத்திவிட்டு வந்தான்.

அதற்குச் சில வாரம் கழித்துக் கரியாலூருக்குத் தார்ப்பாய் கொண்டுபோகும் வேனில் துணைக்குப் போனார். மலைச்சாலை தொடங்கும் இடத்தில் டீக்கடைச் சுவரில் ஒரு நீலப் பலகை இருந்தது. மலையில் விபத்து நடந்தால் கூப்பிடுங்கள் என்று எழுதி, கீழே பெயர்களும் போன் நம்பர்களும். கடைசிப் பெயருக்குக் கீழே இடம் காலியாக இருந்தது. டீ குடித்துக்கொண்டே அதைப் பார்த்தார். கடைக்காரரிடம் விசாரித்தார். பயிற்சிக்குப் போய்த் தேறினால் பெயர் எழுதுவார்கள், சனி ஞாயிறுகளில் அருவிக்கு வரும் கூட்டம் வளைவுகளில் விழும்போது அந்த நம்பருக்குப் போன் வரும் என்றார்.

உமர் விரும்பியது அவ்வளவுதான். தன் நம்பர் அந்தச் சுவரில் இருக்க வேண்டும். யாராவது கூப்பிட வேண்டும். போக வேண்டும்.

*

ஒவ்வொரு ஞாயிறும் அவர் விழுந்தார்.

“இன்னைக்கு நீங்க பைக்கிலிருந்து விழுந்த ஆளு பாய். வலது கால் போச்சு” என்பார் இளஞ்செழியன். “இன்னைக்கு மயக்கம். பேசக் கூடாது.” “இன்னைக்கு மூச்சு கம்மி.”

உமர் கண்ணை மூடிக்கொள்வார். ஓடிவரும் காலடிகள் தரைவழியாக முதுகில் கேட்கும். யாரோ மண்டியிடுவார்கள். தோளில் ஒரு கை தட்டும். “ஐயா, கேக்குதா? கண்ணத் தொறங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆவல. நாங்க இருக்கறோம்.”

அதைச் சொல்லச் சொல்லித்தான் பயிற்சி. எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் கேட்டுக்கொண்டார்.

கை நாடியைத் தேடும். காலில் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுவார்கள். நெற்றியைத் தொடுவார்கள். அஜித்தின் கையில் பெட்ரோல் வாசனை. பூமாலை முதல் சில வாரம் அவரைத் தொடவில்லை. முந்தானை நுனியால் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“துணி வழியா நாடி தெரியாதும்மா” என்றார் இளஞ்செழியன்.

“தெரியுதே சார்.”

“எவ்ளோ?”

“ஓடிக்கினு இருக்குது.”

கூடம் சிரித்தது. உமரும் கண்ணை மூடியபடி சிரித்தார். “பேஷண்ட் சிரிக்கக் கூடாது பாய்” என்றார் இளஞ்செழியன்.

பிறகு ஒரு ஞாயிறு அவள் தொட்டாள். கரும்புச் சோகை அறுத்த காய்ப்புள்ள விரல்கள். எண்ணிக்கை தப்பிவிடும். தப்பினால் முதலிலிருந்து எண்ணுவாள். அவளுக்கு மற்றவர்களைவிட நேரம் ஜாஸ்தியாகும். உமர் அசையாமல் கிடப்பார்.

அவர் முனகுவதில் தேர்ந்துவிட்டார். “பாய் முனகினா நெஜமாவே வயித்தக் கலக்குது” என்று அஜித் சொன்னான். வேறு ஊரில் நடந்த வகுப்பு ஒன்றுக்கும் இளஞ்செழியன் அவரைக் கூட்டிப்போனார். அங்கேயும் யாரும் படுக்கவில்லை. உமர் மேற்கு எது என்று கேட்டுக்கொண்டு படுத்தார்.

“நான் எப்ப சார் செஞ்சு பாக்கறது?” என்று கேட்டார்.

“அடுத்த வாரம் பாய். நீங்கதான் எல்லாம் பாத்துக்கினே இருக்கீங்களே.”

அவர் எதையும் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தார். வீட்டில் தலையணையை வைத்துச் செய்து பார்த்தார். தலையணைக்குக் கழுத்து இல்லை.

டீ நேரத்தில் பூமாலை அவர் பக்கத்தில் உட்காருவாள். அவள் வந்த காரணத்தை ஒரு நாள் சொன்னாள். புருஷனைக் கரும்பு டிராக்டர் தட்டிவிட்டது. ஓடிவந்தவர்கள் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஷேர் ஆட்டோவில் ஏற்றினார்கள். நீட்டிப் படுக்க இடமில்லை.

“மடிச்சி ஏத்துனாங்க பாய்” என்றாள். “நல்ல மனசோடதான் ஏத்துனாங்க. நானும் ஒரு கை பிடிச்சேன்.”

உமர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

மகளுக்குப் பிள்ளை பிறந்தது. வகுப்பில் கல்கண்டு கொடுத்தாள். பயிற்சி முடியும் சமயத்தில் மகளைப் பிள்ளையோடு மருமகன் அழைத்துப் போய்விட்டான்.

“வூடு கம்முனு கெடக்குது பாய். பூட்டிக்கினு வரும்போது டிவிய அணைக்காம வந்துடறேன்.”

“கரண்ட் பில்லு ஏறுமேம்மா.”

“ஏறட்டும். தெறந்து உள்ள போனா ஒரு பேச்சு கேக்குதில்ல.”

*

தேர்வு கரியாலூரில். வேலை செய்யப்போகும் இடத்திலேயே செய்து காட்ட வேண்டும் என்று பயிற்சியை நடத்தும் அமைப்பில் முடிவு செய்திருந்தார்கள். காலையில் வேனில் ஏறினார்கள். கோமுகி அணையைத் தாண்டி வளைவுகள் தொடங்கின. டீக்கடைச் சுவரில் நீலப் பலகைக்குப் புதிதாக நீலம் பூசி, பழைய பெயர்களை மறுபடி எழுதியிருந்தார்கள். கீழே இடம் கூடியிருந்தது. அஜித் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, “அதோ, அந்த எடம் எனக்கு” என்றான். உமர் அந்த இடத்துக்குக் கீழே பார்த்துக்கொண்டார்.

தேர்வாளர் இலக்கியா சேலத்திலிருந்து வந்த டாக்டர். வயது முப்பதுக்கு மேல் இருக்காது. ஓடுவதற்கான ஷூ போட்டிருந்தார். ஊரைத் தாண்டி, சாலை ஓரத்தில் ஒரு பலா மரத்தடியைத் தேர்ந்தெடுத்திருந்தார். மண் சரிவு. ஆம்புலன்ஸ் ஒன்று நிழலில் நின்றது.

“பேஷண்ட் யாரு?”

உமர் முன்னால் வந்தார்.

“பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டிருக்கீங்க. இப்டிப் படுங்க. தலை பள்ளத்துப் பக்கம்.”

உமர் சூரியனைப் பார்த்தார். பள்ளத்துப் பக்கம் கிழக்கு.

“டாக்டரம்மா, கொஞ்சம் திரும்பிப் படுத்துக்கட்டுமா? மேக்க கால் நீட்டறதில்ல.”

“அடிபட்டு விழறவங்க திசை பாத்தா விழறாங்க?” அவர் கோபமாகக் கேட்கவில்லை.

உமர் படுத்தார். முழங்காலை மடக்கி வைத்துக்கொண்டார்.

“காலை நீட்டுங்க.”

நீட்டினார். மனதுக்குள் மன்னிப்புக் கேட்டார். வெயில் கண்ணில் அடித்தது.

முதல் குழு அஜித்துடையது. நாலு பேர் மேலிருந்து ஓடிவந்தார்கள். அவரைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார்கள். பிறகு ஒருவரும் ஒன்றும் பேசாமல், இரண்டு பேர் தோளையும் இரண்டு பேர் காலையும் பிடித்து, அவரை அப்படியே தரையோடு இழுத்துத் திருப்பினார்கள். தலை மேற்கே வந்தது. கால் கிழக்கே போனது. அதன் பிறகு அஜித் மண்டியிட்டான். “ஐயா, கேக்குதா? உங்களுக்கு ஒண்ணும் ஆவல.”

“எழுந்து பழையபடி படுங்க” என்று மட்டும் டாக்டர் உமரிடம் சொன்னார்.

இரண்டாவது குழு வந்தது. அதில் பூமாலை இருந்தாள். அவர்களும் திருப்பினார்கள். மூன்றாவது குழுவும் திருப்பியது. உமரின் சட்டை முதுகில் மண் ஏறிக் கிழிந்திருந்தது.

“நிறுத்துங்க” என்றார் டாக்டர். “எல்லாரும் வாங்க. இவரை ஏன் திருப்புறீங்க?”

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். திருப்பியது அப்போதுதான் அவர்களுக்கே தெரிந்ததுபோல் இருந்தது.

“கழுத்துல எலும்பு உடைஞ்சிருந்தா? நீங்க இழுத்த இழுப்புக்கு ஆள் இருப்பாரா?”

“அவரு மேக்க கால் நீட்டமாட்டாருங்க மேடம்” என்றான் அஜித்.

“அவரு பேஷண்ட்ங்க.”

“எங்களுக்கு எப்பவும் அப்டித்தான் மேடம் இருப்பாரு. தல சமையக்கட்டுப் பக்கம்.”

“இங்க எங்கங்க சமையக்கட்டு?”

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் இளஞ்செழியனைப் பார்த்தார். இளஞ்செழியன் பலா மரத்தைப் பார்த்தார்.

எல்லாரும் மறுபடி செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உமரைச் சாலை ஓரத்தில், வாய்க்காலில், வேலி ஓரத்தில் என்று இடம் மாற்றி மாற்றிப் படுக்க வைத்தார். ஓடிவந்தவர்கள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு நின்றார்கள். திருப்பவில்லை. மெதுவாகத் தேறினார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் டாக்டர் தலையை அசைக்கும்போது கைதட்டல் இல்லை.

“உன்னால பாய்” என்றான் அஜித், பட்டையை இறுக்கிக்கொண்டே. பாதிதான் விளையாட்டு. கட்டு வலித்தது.

“என்னாலதான்” என்றார் உமர்.

*

வெயில் உச்சிக்கு வந்தது. பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டார்கள். டாக்டர் பையை மூடப் போனார்.

“இன்னும் யாராவது இருக்காங்களா?”

“பாய் ஒருத்தர்தான் மேடம்” என்றார் இளஞ்செழியன்.

“சரி, வரச் சொல்லுங்க. அவருக்கு யாரு படுக்கறா?”

அதுவரை அதை யாரும் நினைக்கவில்லை. உமரும் நினைக்கவில்லை. அவர் கையைக் கழுவிவிட்டு வந்து நின்றார். சட்டையின் மண்ணைத் தட்டிக்கொண்டார்.

“எனக்கு வெள்ளிக்கெழம நிச்சயதார்த்தம் மேடம்” என்றான் அஜித். இந்தத் தடவை பெண்ணும் நாளும் உண்மையாகவே முடிவாகியிருந்தன. இன்னொருவன் கழுத்து மாலையைத் தொட்டுக் காட்டினான். சபரிமலைக்கு விரதம். ஒருவனின் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார்.

“நீங்க?” என்று டாக்டர் இளஞ்செழியனைக் கேட்டார்.

அவர் குரலைத் தாழ்த்தினார். “வூட்ல முழுகாம இருக்காங்க மேடம். நான் பொணத்துக்குத் தோள் குடுக்கறதுகூட இல்ல. எங்கம்மா...”

எல்லாம் உண்மையான காரணங்கள். உமருக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. அவர்கள் முகத்தைப் பார்க்காமல் இருக்கத் தரையைப் பார்த்தார். இத்தனை நாள் உங்களுக்கு அவர்தானே படுத்தார் என்று யாராவது சொல்லக்கூடும் என்று நினைத்தார். யாரும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

“ஆள் இல்லாம நான் எப்டிப் பாஸ் போட முடியும்?” என்றார் டாக்டர். “அடுத்த பேட்ச்ல வரட்டும்.”

“அடுத்த பேட்ச்லயும் பாய் வருவாரு மேடம்” என்றார் இளஞ்செழியன் நிம்மதியாக. “அவரு இல்லாம எனக்கு வகுப்பே ஓடாது.”

“நான் படுக்கறேன்” என்றாள் பூமாலை.

அவள் இலையை மடித்துக்கொண்டிருந்தாள்.

“நீங்களாம்மா? நீங்கதான மொத நாளு...” என்றார் இளஞ்செழியன்.

“அப்ப பொண்ணு வூட்ல இருந்தா. இப்ப டிவிதான் இருக்குது. அதுக்கு இன்னா ஆயிடப்போவுது?”

“ஆம்பள தொடணுமே” என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள்.

“இத்தினி நாளு நான் அவரத் தொட்டேன். அப்ப ஒருத்தரும் கேக்கல.” இலையைக் கூடையில் போட்டாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சரிவில் இறங்கினாள். “எந்தப் பக்கம் மேடம் வெக்கறது தலைய?”

“எந்தப் பக்கம் வேணும்னாலும்.”

அவள் திசை பார்க்காமல் படுத்தாள். அண்ணாந்து பலா மரத்தைப் பார்த்தாள்.

டாக்டர் உமரிடம் வந்தார். “கழுத்துல அடி. நீங்க தனியா முதல்ல வந்து சேர்ந்திருக்கீங்க. பேசுங்க. தலைய அசையாமப் பிடிங்க. பிடிச்சா விடக் கூடாது. நான் விடுங்கன்னு சொல்ற வரைக்கும். அதான் உங்க டெஸ்ட். புரியுதா?”

“புரியுதுங்க.”

உமர் சாலையிலிருந்து இறங்கி வந்தார். ஓடவில்லை. முழங்கால் மண்ணில் பட்டபோது இடுப்பு வலித்தது. அவள் தலைமாட்டில் குனிந்தார்.

“அம்மா, கேக்குதா?”

“கேக்குது.”

“தலைய ஆட்டாதீங்க. வாயால சொல்லுங்க.”

“வாயாலதான சொன்னேன்?”

மேலே சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். உமர் இரண்டு கைகளையும் நீட்டினார். அவை அவள் தலைக்கு இரண்டு பக்கமும் காற்றில் நின்றன.

எத்தனையோ கைகள் அவரைத் தொட்டிருந்தன. அவர் யாரையும் தொட்டிருக்கவில்லை. பெருநாளில் தோளோடு தோள் தழுவுவது வேறு. ஒரு தலையைக் கையில் எடுத்தது அத்தியாவுக்குக் கடைசியாகத் தண்ணீர் கொடுத்தபோது. அவர் கைகள் எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் நின்றன. தலையணையை வைத்துப் பழகியபோது இந்த இடம் வரை வந்ததில்லை.

“ஐயா, நேரம் போவுது” என்றார் டாக்டர்.

“பிடிங்க பாய்” என்றாள் பூமாலை மெதுவாக.

முழங்கைகளை மண்ணில் ஊன்றினார். உள்ளங்கைகளைக் காதுகளை மூடாமல் வைத்தார். நரைத்த முடி, தேங்காயெண்ணெய், மண், வெயிலின் சூடு. தலை அவர் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. விரல் நுனிக்குக் கீழே எங்கோ நாடி ஓடியது.

“உங்களுக்கு ஒண்ணும் ஆவல” என்றார். “நான் இருக்கறேன்.”

பூமாலை கண்ணை மூடிக்கொண்டாள்.

“அப்டியே இருங்க” என்றார் டாக்டர். “நல்லா இருக்கு. அப்டியே.”

அப்போது இளஞ்செழியனின் போன் அடித்தது. சிக்னல் விட்டு விட்டு வந்தது. அவர் சாலைக்கு ஓடிப்போய்ப் பேசினார். “எங்க? எந்த வளைவு? ரெண்டு பேரா?” திரும்பிக் கத்தினார். “மேடம், கீழ பைக்கு பிக்கப்ல மோதிட்டுதாம். ரெண்டு பேரு கெடக்கறாங்களாம்.”

எல்லாரும் எழுந்தார்கள். டாக்டர் பையைத் தூக்கினார். அஜித் ஸ்ட்ரெச்சரை எடுத்துக்கொண்டு ஓடினான். “திருப்பக் கூடாது, திருப்பக் கூடாது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனான். ஆம்புலன்ஸ் கிளம்பியது. வேனில் முண்டியடித்து ஏறினார்கள். உமர் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தார்.

“நீங்க இருங்க பாய், அடிபட்டவங்கள வேற ஏத்தணும், எடமில்ல” என்று இளஞ்செழியன் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினார். “உங்களுது அடுத்த பேட்ச்ல பாத்துக்கலாம்.”

வேன் திரும்பியது. சைரன் வளைவுக்கு வளைவு மறைந்து மறைந்து கேட்டது. பிறகு கேட்கவில்லை. பொட்டலக் காகிதங்கள் மரத்தடியில் கிடந்தன.

போன் வந்தது. போக வேண்டியவர்கள் போனார்கள். பூமாலையைத் தவிர, சுவரில் ஏறப்போகும் பெயர்கள் எல்லாம் அந்த இரண்டு வண்டிகளில் இருந்தன.

அவர் கைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

“போய்ட்டாங்களா?” என்றாள் பூமாலை. கண்ணைத் திறக்கவில்லை.

“போய்ட்டாங்க.”

“உங்கள ஏத்தலியா?”

“எடமில்லியாம்.”

“என்னையுந்தான் ஏத்தல. நான் பாஸு.”

“நீங்க அடிபட்டுக் கெடக்கறீங்க.”

அவள் சிரித்தாள். சிரிப்பு அவர் உள்ளங்கைகளில் தெரிந்தது.

சரிவில் காற்று ஏறி வந்தது. எங்கோ மரவள்ளிக் காட்டில் யாரோ ஆட்டை விரட்டும் சத்தம். உமருக்கு முழங்கை எரிந்தது. தேர்வு முடிந்துவிட்டது. பார்ப்பவர் இல்லை, சொல்லப்போகிறவரும் இல்லை.

“விட்டுடட்டுமாம்மா?” என்று கேட்டார்.

நாடி அவர் விரலுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. அவர் எண்ணவில்லை.

“கொஞ்ச நேரம் இருக்கட்டும் பாய்” என்றாள்.

வெள்ளிமலையிலிருந்து வரும் பஸ் திருப்பத்தில் தெரிந்தது.

“பஸ்ஸு வருது.”

“வரட்டும்.”

பஸ் அவர்களைத் தாண்டி வேகத்தைக் குறைத்து நின்றது. ஜன்னல்களில் தலைகள் நீண்டன. டிரைவர் எட்டிப் பார்த்தார்.

“இன்னா ஆச்சுங்க? ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டீங்களா?”

“சொல்லியாச்சுங்க” என்றார் உமர்.

“பேச்சு மூச்சு இருக்குதா?”

“இருக்குதுங்க. நீங்க போங்க.”

டிரைவர் தயங்கினார். கண்டக்டர் இறங்கப் பார்த்தார். “நான் பாத்துக்கறேன்” என்றார் உமர். பஸ் கிளம்பியது. தூசி அடங்கும்வரை அவர் அவள் முகத்தின்மேல் குனிந்து மறைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, ஒரு முழங்கையை மட்டும் நகர்த்தி, கல் இல்லாத இடமாகப் பார்த்து மறுபடி ஊன்றினார்.